கரைப் பக்கத்துச் சமன்பாடு

மின்சாரம் போனதும் யு.பி.எஸ். கத்தும். கீச்சென்று ஒரு கூவல், ஒரு மூச்சு மௌனம், மறுபடி கூவல். மருந்துக் கடையில், வங்கியில், பல் டாக்டரின் வரவேற்பறையில், எங்கே அது காதில் விழுந்தாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. மற்றவர்கள் கையில் கிடைத்த தாளால் விசிறிக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி நிற்கிறேன். இந்த வயதில் இது என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயத்துக்கு வயது ஏறுவதில்லை போலிருக்கிறது. அது அப்படியே, அந்தச் சின்ன அறையில், மூடிய ஜன்னலுக்குப் பின்னால், சுழன்று நின்ற மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது.

அறை என்றால் ஆய்வுக்கூடம். செங்கல்பட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவில், சவுக்குத் தோப்புகளை ஒட்டி இருந்த ஒரு கல்லூரியின் கணிதத் துறை. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் அங்கே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். துறைக்கென்று ஒரே கம்ப்யூட்டர், அதில் ஒரே ஒரு இயற்கணித மென்பொருள். எண்களைக் கூட்டிப் பெருக்கும் கால்குலேட்டர் இல்லை அது. எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யும். நீளமான கோவை ஒன்றை அடித்துக் கொடுத்து ‘விரி’ என்றால் அடைப்புக்குறிகளை எல்லாம் உடைத்துக் கொட்டும். ‘காரணிப்படுத்து’ என்றால் கொட்டியதை அள்ளி வேறு மாதிரி கட்டிக் கொடுக்கும். ‘சுருக்கு’ என்றால் கொஞ்சம் யோசிக்கும். திரையின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி விட்டு விட்டு மின்னும். பிறகு பக்கம் பக்கமாக இருந்தது ஒரு வரியில் வந்து நிற்கும். கையால் செய்தால் ஒரு வாரம் ஆகும், நடுவில் ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாகி இன்னொரு வாரமும் போகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, கலைந்து கிடந்த பறவைகள் ஒரே கிளையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. கவிதை எழுதுகிற கிறுக்கு அப்போதே இருந்தது.

ஆனால் எங்கள் துறையில் அந்த மென்பொருளுக்கு வேறு ஒரு வேலையும் இருந்தது. அதன் விடை ‘சார் வடிவத்தில்’ வர வேண்டும்.

சார் என்றால் எங்கள் எல்லோருக்கும் வழிகாட்டி. மணல்திட்டுக்கு மேல் வரும் அலை எப்படி உடைகிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கணக்கு. மணல்திட்டின் உச்சியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடல் பக்கமாக அளந்தால் x மிகை எண், கரைப் பக்கமாக அளந்தால் குறை எண். கடலுக்கு ப்ளஸ், கரைக்கு மைனஸ். அவ்வளவுதான். அந்த அலைக்கு அவர் இளவயதில், பென்சிலும் பொறுமையுமாக, கையால் கண்டுபிடித்த சமன்பாடு ஒன்று இருந்தது. பெரிய இதழில் வெளிவந்தது. எங்களுக்கு முன்னால் படித்துப் போனவர்களின் ஆய்வேடுகள் எல்லாம் அதன் மேல்தான் எழுந்து நின்றன. மென்பொருள் அதே விடையை வேறு ஒழுங்கில் கொடுக்கும். மைனஸை வெளியே எடுத்து வைத்திருக்கும், அடைப்புக்குறிக்குள் a முன்னால், b பின்னால் என்று மாற்றிப் போட்டிருக்கும். கணக்கு ஒன்றுதான், முகம் வேறு. சாருக்கு அது பிடிக்காது. “சார் வடிவத்துல வந்துச்சா?” என்பதுதான் தாழ்வாரத்தில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் குசலம். வராவிட்டால் வரும்வரைக்கும் உறுப்புகளை இடம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தப்பு மெஷினுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எனக்கு ஒரு வருஷம் மூத்தவர் ஒருவர் இருந்தார். துறையில் பியூனிலிருந்து சார் வரை எல்லோருக்கும் அவர் ‘அண்ணாத்த’. கடப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு காலனி அவருக்கு. அப்பா, அம்மா, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஊராரின் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். இவர் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டே பிஎச்.டி. செய்தார். ஆள் இருக்கிற இடத்தில் சத்தம் இருக்கும். அவருடைய ஆய்வு முழுக்கக் கரைப் பக்கம். ஏன் அதை எடுத்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“கடல் பக்கத்த எல்லாம் முன்னாடி வந்தவங்க பங்கு போட்டு எடுத்துகினு போயிட்டாங்க தங்கச்சி. நான் வர்றதுக்குள்ள மிச்சம் கீறது கரை மட்டும்தான். எனுக்கு அப்புறம் வந்த பாரு, உனுக்கு சேறு கூட இல்ல.”

அது விளையாட்டுப் பேச்சு. ஆனாலும் உண்மை. அவர் எடுத்தது போக அதே கரைப் பக்கத்தில் மிச்சம் மீதியைத்தான் சார் எனக்குக் கொடுத்திருந்தார்.

அண்ணாத்தையின் ஆய்வேடு பைண்டு ஆகிப் போய், அதைப் படித்த வெளியூர்த் தேர்வாளர்களின் அறிக்கைகள் நல்லபடியாக வந்து, பொது வைவாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை. பொது வைவா என்றால் நிஜமாகவே பொது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். எங்கள் பக்கத்தில் அது பாதி பரீட்சை, பாதி கல்யாணம். வெளியூர்த் தேர்வாளர் வருவார். சொந்தக்காரர்கள் புதுத்துணி உடுத்தி வருவார்கள். ஒன்றும் புரியாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, தேர்வாளர் எழுந்து ‘பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்’ என்றதும் கைதட்டுவார்கள். அப்புறம் ஸ்வீட், காரம், சாப்பாடு.

அதற்கு முந்தைய மாதம்தான் கரண்டு போனது. தினமும் போவதுதான். ஆனால் அன்றைக்கு யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது, யாரும் அணைக்கவில்லை, பாட்டரி தீர்ந்து கம்ப்யூட்டர் பொசுக்கென்று நின்றது. மறுநாள் அது எழவே இல்லை. செங்கல்பட்டு பஜாரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து, ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று உதட்டைப் பிதுக்கி, புதிதாக ஒன்று மாட்டி, மென்பொருளை அதன் சி.டி.யிலிருந்து மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் பழையபடி ஓடியது. ஓடியது என்றுதான் நினைத்தோம்.

வைவா வாரத்தின் திங்கட்கிழமை. நான் என் வேலையைத் தொடங்குவதற்காகச் சாருடைய சமன்பாட்டை அடித்தேன். பக்கத்தில் அது எதிலிருந்து பிறந்ததோ அந்த ஆரம்பக் கோவையையும் அடித்தேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி, சுருக்கு. பூஜ்யம் வர வேண்டும். இது ஒரு சடங்கு மாதிரி, புதுக் கணக்கு ஆரம்பிக்கும் முன் செய்வது; டிஸ்க் மாற்றிய பிறகு இதுதான் முதல் தடவை. புள்ளி மின்னியது. பூஜ்யம் வரவில்லை.

திரை முழுக்க ஒரு கோவை வந்து நின்றது. வர்க்கமூலங்கள், உள்ளே வர்க்கங்கள், முன்னால் x, பின்னால் x.

தப்பாக அடித்திருப்பேன் என்று மறுபடி அடித்தேன். அதே. எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்து அடித்தேன். அதே. சரி, எழுத்துகளை விடு, எண்ணைப் போட்டுப் பார் என்று x-க்கு இரண்டு கொடுத்தேன். பூஜ்யம். அப்பாடா. ஏழு கொடுத்தேன். பூஜ்யம். விரல் தானாகக் கழித்தல் குறிக்குப் போனது. மைனஸ் இரண்டு. பூஜ்யம் இல்லை. மைனஸ் ஏழு. இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷம் ஆசைப்பட்டேன். பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதுதான். மைனஸ் ஐந்தை வர்க்கப்படுத்தினால் இருபத்தைந்து. இருபத்தைந்தின் வர்க்கமூலம் ஐந்து. மைனஸ் போன இடம் தெரியாது. x வர்க்கத்தின் மூலத்தை வெறும் x என்று எழுதினால் அது மிகை எண்ணுக்கு மட்டும்தான் சரி. சார் கையால் போட்டபோது, ஏதோ ஒரு வரியில், மூலத்துக்குள்ளிருந்து x-ஐ வெளியே எடுத்திருக்கிறார். கடல் பக்கம் நின்றுகொண்டு எடுத்திருக்கிறார். அதைக் கரைக்கும் பொருந்தும் என்று எழுதிவிட்டார்.

அப்படியானால் இத்தனை வருஷம் இந்த மெஷின் ஏன் பூஜ்யம் காட்டியது? அதுவும் மெதுவாகத் தெளிந்தது. இந்த மாதிரி மூலங்களை மென்பொருள் தானாக வெளியே எடுக்காது. பிடிவாதமாக அப்படியே விட்டுவைக்கும். சார் வடிவத்தில் வராது. எங்களுக்கு முன்னால் படித்த யாரோ பொறுமையிழந்து, மென்பொருள் திறக்கும்போதெல்லாம் ‘எல்லா எழுத்தையும் மிகை எண்ணாக எடுத்துக்கொள்’ என்று ஒரு கட்டளை தானாக ஓடும்படி எழுதி வைத்திருக்கிறார். அதன் பிறகு எல்லாம் சார் வடிவத்தில் வந்தது. எழுதியவர் படித்து முடித்துப் போய்விட்டார், கட்டளை அங்கேயே இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. கரையைப் பற்றிக் கேட்டாலும் மெஷின் கடலை நினைத்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறது. ஹார்டு டிஸ்க் செத்தபோது அந்தக் கட்டளையும் செத்தது. மெஷின் முதல் தடவையாக உள்ளதைச் சொல்கிறது.

கடல் பக்கம் ஆய்வு செய்தவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள். கரையில் நிற்பவர் ஒரே ஒருவர். வெள்ளிக்கிழமை அவருக்கு வைவா.

நான் கதவைப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை, திரையை அணைத்தேன். யாரோ வந்து பார்த்துவிடுவார்கள் என்பது போல.  சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு கோவைகள் மனசுக்குள் நீண்டுகொண்டே போயின. எதுவும் சுருங்கவில்லை.

மறுநாள் காலை செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் அண்ணாத்தையைப் பிடித்தேன். வைவாவில் விளக்கு போட்டுத் திரையில் காட்ட எழுதிய ஓ.எச்.பி. ஷீட்டுகளைப் பாலிதீன் கவரில் சுற்றி, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ் வந்தது. ஏறினோம். சீட்டு கிடைத்தது.

“இன்னா தங்கச்சி, மூஞ்சி ஏன் இப்பிடி கீது? வாந்தி வருதா? ஜன்னல் பக்கம் உக்காரு.”

“இல்லண்ணா. ஒண்ணு சொல்லணும்.”

“கல்யாணமா? வெள்ளிக்கிழமைக்கு அப்பால வெச்சிக்க. அம்மா மொதல்ல என்னுத பாக்கட்டும்.”

“சாரோட சமன்பாடு கரைப் பக்கம் வரலண்ணா.”

“வரலன்னா?”

“கழிச்சா பூஜ்யம் வரல.”

சிரித்தார். “தப்பா அடிச்சிருப்ப.”

“திரும்பத் திரும்ப அடிச்சேன்.”

“மெஷினு பேஜாரு பண்ணுது. போன மாசம்தானே செத்து பொழச்சிகினு வந்துச்சி. புத்தி கலங்கிப் போயிருக்கும்.”

“நம்பர் போட்டும் பாத்தேன். ப்ளஸ்ல வருது. மைனஸ்ல வரல. மூலத்துக்குள்ள இருந்து x வெளிய வந்த இடம்.”

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி. கணக்கு தெரிந்தவர். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். அண்ணாத்த கவரை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஷீட்டுகள் நெறுநெறுவென்றன. கல்லூரி நிறுத்தத்தில் எனக்கு முன்னால் இறங்கி நடந்தார்.  

ஆய்வுக்கூடத்தில் அவரே உட்கார்ந்து அடித்தார். மிகை எண் கொடுத்தார், பூஜ்யம். குறை எண் கொடுத்தார், இல்லை. மறுபடி மிகை. மறுபடி குறை. நாக்கால் வலிக்கிற பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல.

“கடல்ல ஒண்ணுமில்ல. கரையில எம்மாம் பெருசு பாரு.” குரல் கம்மியிருந்தது. “நாலாவது சாப்டர், அஞ்சாவது சாப்டர். ரெண்டும் பூட்சி.”

“சார்கிட்ட சொல்லலாமாண்ணா?”

“சொல்லாம? அந்தாளு மூஞ்சிய எப்பிடி பாக்கறது? ‘சார், உங்க கணக்கு தப்பு’ன்னு நான் போயி நிக்கறதா? எங்கூர்ல இருந்து வந்தவன். படிக்க வெச்ச மனுஷன்மா அவுரு.” கதவு வரை போய்த் திரும்பி வந்து, “நீயும் கூட வா. தனியா போனா எனுக்கு வாய் வராது.”

போனோம். சார் அறையில் எப்போதும் சீவிய பென்சில் வாசனை இருக்கும். அண்ணாத்த நின்றார், தொண்டையைச் செருமினார், என்னைப் பார்த்தார். கடைசியில் நான்தான் சொன்னேன். சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பழைய வினாத்தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். மெதுவாக, அழகான கையெழுத்தில், வரிக்குக் கீழ் வரி. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். ஓரிடத்தில் பென்சில் நின்றது. அந்த வரிக்குத் திரும்பினார். மறுபடி வந்தார். மறுபடி நின்றது. காதோரம் வியர்வை ஒரு கோடாக இறங்குவதைப் பார்த்தேன். சாருக்கும் பயம் வரும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

“வெள்ளிக்கிழமை கடல் பக்கத்தோட நிறுத்திக்கோ” என்றார், நிமிராமல். “கரை ஸ்லைடெல்லாம் எடுத்துடு.”

“புக்குல கீது சார்.”

“புக்கை யாரும் முழுசா படிக்கறதில்ல. முன்னுரை பார்ப்பாங்க, முடிவுரை பார்ப்பாங்க.”

வெளியே வந்ததும் அண்ணாத்த சுவரில் சாய்ந்தார். நான் எதிர்ச் சுவரில். நடுவில் முதல் வருஷப் பையன்கள் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கேட்டவர்களிடம் வெயில் என்று சொன்னேன். எந்தக் கணம் நினைத்தாலும் அந்தத் திரை வந்து நின்றது. நான் பார்க்காமல் இருந்திருந்தால் அவர் நிம்மதியாகப் பேசிவிட்டு வந்திருப்பார். பார்த்ததை என்ன செய்வது? கண்ணை மூடினால் அது வேறு வடிவத்தில் வந்தது, முன்னால் இருந்தது பின்னால், பின்னால் இருந்தது முன்னால், ஆனால் பூஜ்யம் ஆகாமல்.

வியாழக்கிழமை கல்லூரி வாசலில் இருந்த டீக்கடையில் அண்ணாத்த எனக்கு ஒத்திகை பேசிக் காட்டினார். கரை ஸ்லைடுகள் இல்லாமல். முன்னுரை, மணல்திட்டு, கடல் பக்கம், நன்றி.

“போண்டா வர்றதுக்குள்ள என் பிஎச்.டி. முடிஞ்சி போச்சி பாத்தியா?” என்றார். நான் சிரிக்க முயன்றேன். அவரும். டீ ஆறிப்போனது.

“எக்ஸாமினர் கேட்டா?” என்றேன்.

“கேக்க மாட்டாரு. சார் சொல்லிட்டாரே.” பிறகு, “கேட்டா இன்னா பண்றதுன்னு எனுக்குத் தெரியலமா. நெஜமா தெரியல.”

வெள்ளிக்கிழமை கடப்பாக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. சாமந்திப்பூவும் பவுடர் வாசனையும் குழந்தைகளுமாக ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கருத்தரங்க அறையில் நாற்காலி போதவில்லை, பெஞ்சு இழுத்துப் போட்டோம். அண்ணாத்தையின் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புதுப் புடவையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. நாற்று நட்டு நட்டு விரல் நுனிகள் தடித்திருந்தன. அந்தக் கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “நீதான் அவன் சொல்ற தங்கச்சியா? அவன் பேசச்சொல்லோ இன்னா சொல்றான்னு எனுக்குச் சொல்லு கண்ணு.”

தேர்வாளர் வந்தார். தெற்கே எங்கேயோ இருந்து ராத்திரி ரயிலில் வந்தவர், வயதானவர், மெல்லிய குரல். மேஜை மேல் ஆய்வேட்டை வைத்தார்.  புத்தகத்தின் பின்பாதியிலிருந்து சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் நாக்கு நாக்காக நீட்டிக்கொண்டிருந்தன. முன்பாதியில் ஒன்றுகூட இல்லை. முன்வரிசையில் சாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிடரி அசையவே இல்லை.

அண்ணாத்த பேசினார். நன்றாகவே பேசினார். அலை எழுந்தது, மணல்திட்டை நோக்கி வந்தது, உச்சிக்கு வந்ததும் நின்றது. நன்றி வணக்கம். ஊர்க்காரர்கள் அவசரப்பட்டுக் கைதட்டினார்கள்.

“முடிஞ்சிதா?” என்று அம்மா கேட்டார். “இல்லம்மா, இனிமேதான் கேள்வி” என்றேன். 

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். அந்தக் காகிதத் துண்டுகள் சலசலத்தன.

“நாலாவது அத்தியாயத்துக்கு வரலாமா? x மைனஸ் ஆகும்போது இந்தச் சமன்பாடு எப்படி நிக்குதுன்னு கொஞ்சம் போர்டுல போட்டுக் காட்டுங்களேன். நான் போட்டுப் பார்த்தேன், எனக்கு வரலை. வயசாயிடுச்சு, நான் எங்கேயாவது விட்டிருப்பேன்.”

 அண்ணாத்த சாக்பீஸை எடுத்தார். பலகைப் பக்கம் திரும்பினார். அவர் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு x எழுதினார், அதன் மேல் வர்க்கம் போட்டார், மூலக்குறியைப் போட்டார். நின்றார். என் முழங்கையைப் பிடித்திருந்த கை இறுகியது. அம்மாவுக்குக் கணக்கு தெரியாது, ஆனால் மகனுடைய முதுகு தெரியும்.

“அது இந்த ஆய்வோட எல்லைக்கு...” என்று சார் ஆரம்பித்தார்.

“வராது சார்” என்றார் அண்ணாத்த, தேர்வாளரைப் பார்த்துத் திரும்பி. “கரைப் பக்கம் இது நிக்காது. இந்த வாரம்தான் எனக்குத் தெரிஞ்சிது.”

“தெரிஞ்சும் ஏன் ஸ்லைடுல...” தேர்வாளர் நிறுத்திவிட்டு, அடிக்குறிப்பைப் பார்த்தார். “சமன்பாடு உங்க கைடோட கட்டுரையில இருந்து எடுத்தது போலிருக்கே?”

“கடல் பக்கத்துக்குப் போட்டது சார் அது. நான்தான் கரைக்கு எடுத்துகினு போயிட்டேன். தப்பு என்னுது.”

அது அப்படி இல்லை. கட்டுரையில் இரண்டு பக்கத்துக்கும் என்றுதான் இருந்தது. எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், தேர்வாளருக்கும் தெரிந்திருக்கலாம். அந்த நேரத்தில் சார் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். எழுந்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் முழுக்க எழவில்லை. திரும்ப உட்காரவும் இல்லை. பாதி எழுந்த நிலையில், முழங்கால் மடங்கியபடியே நின்றார். அப்படியே எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘தப்பு என்னுடையது’ என்று அவரே சொல்லியிருப்பாரா, அண்ணாத்த முந்திக்கொண்டாரா, அல்லது முந்திக்கொள்ளட்டும் என்று இவர் காத்திருந்தாரா? எத்தனையோ விதமாக மாற்றி அடுக்கிப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் தீரவில்லை.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாவதும் ஐந்தாவதும் திருத்தி எழுதப்பட வேண்டும் என்றார். புது வடிவத்தைத் தான் படிக்க வேண்டும், அதன் பின் மறுபடி இதே மாதிரி சந்திக்கலாம் என்றார். ‘பரிந்துரைக்கிறேன்’ என்ற சொல் வரவில்லை. ஆனால் அவர் எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். எழுந்ததும் கைதட்டினார்கள். வேனில் வந்த அத்தனை பேரும், குழந்தைகளும், நிறுத்தாமல். அண்ணாத்த சாக்பீஸ் கையோடு, தலையைக் குனிந்து, அந்தக் கைதட்டலை மழை மாதிரி வாங்கிக்கொண்டு நின்றார்.

சாப்பாடு ஏற்கெனவே வந்திருந்தது. அண்ணாத்தையைத் தவிர எல்லோரும் சாப்பிட்டார்கள். சார் தேர்வாளரோடு காரில் போய்விட்டார், எங்கள் பக்கம் பார்க்காமல். வேன் கிளம்பத் தயாராக இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணாத்த படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று அம்மாவிடம் சொன்னார், உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகவே.

“இன்னும் ஆவலமா. பாதிதான் ஆச்சி. திருத்தி எழுதிகினு இன்னொரு தபா வரணும்.”

 

“தப்பு பண்ணிட்டியா?” என்று அம்மா கேட்டார்.

“ஆமா.”

“அந்தப் பெரியவரு திட்னாரா?”

“இல்லமா.”

“அப்ப ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? ஏறு. வயித்துல ஒண்ணும் போடல நீ.” மகனை உள்ளே தள்ளிவிட்டு ஜன்னலுக்கு வந்து, வெளியே நின்ற என்னைப் பார்த்தார். நான் எப்படி இருந்தேனோ தெரியவில்லை. கரையில் அவருக்கு அடுத்து நிற்பது நான்தான் என்பது அப்போதுதான் உறைக்க ஆரம்பித்திருந்தது. திங்கட்கிழமை சார் அறைக்குப் போக வேண்டும். வேன் நகர்ந்தது. அம்மா தடித்த விரல்களால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“நீ ஏன் கண்ணு இப்பிடி வெளுத்துப் போயி நிக்கிற? உன்னுது எப்பன்னு சொல்லி அனுப்பு, நாங்க அத்தினி பேரும் வர்றோம்.”